நாற்காலிகளை வட்டமாகப் போட்டால் போதுமா?

(கல்லூரி மாணவர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



என்னை அறிமுகப்படுத்திய தோழர் 'கவுன்சிலர்' என்று சொன்னார். எங்கள் ஊரில் அப்படிச் சொன்னால் "எந்த வார்டு?" என்று கேட்பார்கள். கவுன்சிலிங் செய்கிறேன் என்றால் "இன்ஜினியரிங்கா? கட்ஆஃப் எவ்வளவு?" என்பார்கள். ஆசிரியர் வீடுகளில் சொன்னால் டிரான்ஸ்ஃபர் கவுன்சிலிங் என்று நினைத்துக்கொண்டு, "எங்க சாரை கொஞ்சம் பக்கத்து ஊருக்கு மாத்திவிட முடியுமா?" என்கிறார்கள். இதெல்லாம் தாண்டி மனநல ஆலோசனை என்று விளங்க வைத்தால், "எங்க பையனைக் கூப்பிட்டு ரெண்டு புத்தி சொல்லும்மா" என்று முடிக்கிறார்கள். புத்தி சொல்வது என் வேலையில்லை. கேட்பதுதான் வேலை. அதிலும் கடந்த சில ஆண்டுகளாக நான் அதிகம் செய்வது, பலர் ஒருவரையொருவர் கேட்கும்படி ஓர் இடத்தை உண்டாக்கித் தருவது. குழு ஆலோசனை, குழு சிகிச்சை என்று அதற்குப் பெயர்.

இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. நோய் என்று கண்டறியப்பட்டவர்களுக்கு, பயிற்சி பெற்றவர் நடத்துவது குழு சிகிச்சை. தேர்வு பயம், இழப்பு, புதிய ஊர், புதிய விடுதி என்று வாழ்க்கைச் சிக்கல்களோடு இருப்பவர்களுக்கு நடத்துவது குழு ஆலோசனை. நடைமுறையில் கோடு அவ்வளவு தெளிவாக இருக்காது. அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். ஏழெட்டுப் பேர், வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம், அதே அறை, அதே ஆட்கள். உள்ளே பேசியது வெளியே போகாது.

இந்த முறை எங்கே தொடங்கியது என்று தேடிப் போனால், பணக்காரர்கள் சோபாவில் படுத்துக்கொண்டு கனவு சொல்லும் அறைக்குப் போய்ச் சேர மாட்டீர்கள். ஏழைகளின் காசநோய்ப் பிரிவுக்குத்தான் போவீர்கள். 1905இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜோசப் பிராட் என்ற மருத்துவர், மலைப்பிரதேச சானடோரியத்துக்குப் போகக் காசில்லாத காசநோயாளிகளை வாரம் ஒருமுறை ஓர் அறையில் கூட்டினார். அப்போது காசநோய்க்கு மருந்து கிடையாது. ஓய்வு, காற்று, உணவு, அவ்வளவுதான். ஒவ்வொரு நோயாளியும் தினமும் நோட்டுப் புத்தகத்தில் காய்ச்சல், ஓய்வு நேரம், சாப்பிட்டது எல்லாம் எழுதிக்கொண்டு வரவேண்டும். அதை எல்லோர் முன்னிலையிலும் பார்ப்பார்கள். ஒருவருக்கு எடை கூடியிருந்தால் மற்றவர்களுக்குத் தெம்பு வரும். மருத்துவரின் நேரத்தை மிச்சப்படுத்தத்தான் அவர் கூட்டம் போட்டார். ஆனால் வெவ்வேறு இனத்தையும் மதத்தையும் சேர்ந்தவர்களை, ஒரே நோய் என்பது ஒன்றாகக் கட்டிப் போடுகிறது என்பதை அவரே கவனித்து எழுதினார். சிக்கனத்துக்காகச் செய்தது சிகிச்சையாகிவிட்டது.

பிறகு போர்கள் வந்தன. இரண்டாம் உலகப்போரில் மனம் உடைந்து திரும்பிய சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், மருத்துவர்கள் சிலரே. இங்கிலாந்தில் பர்மிங்காம் அருகே நார்த்ஃபீல்டு இராணுவ மருத்துவமனையில் வில்பிரெட் பியான், ஃபௌக்ஸ் போன்றவர்கள் குழுக்களைப் பெரிய அளவில் நடத்திப் பார்த்தார்கள். இர்வின் யாலோம் 1970இல் எழுதிய பாடப்புத்தகத்தைத்தான் இன்றும் நாங்கள் படிக்கிறோம். குழு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு அவர் 11 காரணங்கள் சொல்கிறார். அத்தனையும் சொல்லி உங்களுக்கு மதியச் சாப்பாட்டைத் தாமதிக்க விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன். 'எனக்கு மட்டும்தான் இப்படி' என்று நினைத்து வந்தவர், 'எனக்கு மட்டும் இல்லை' என்று தெரிந்துகொள்கிற நொடி. தனி ஆலோசனையில் நான் நூறு முறை "இது பலருக்கு நடக்கிறது" என்று சொன்னாலும் அது என் வாய்வார்த்தை. எதிரில் உட்கார்ந்திருப்பவர் "எனக்கும்" என்று சொன்னால் அது வேறு.

சரி, இது உண்மையிலேயே பலன் தருகிறதா? பேசினால் நன்றாக இருக்கும் என்பது டீக்கடைக்கும் பொருந்தும். ஆய்வு என்ன சொல்கிறது?

நான் அடிக்கடி திரும்பிப் போகும் ஓர் ஆய்வு உகாண்டாவில் நடந்தது. 2003இல் வெளியானது. எய்ட்ஸ் நோயால் சிதைந்துபோன தெற்கு உகாண்டாவில் 30 கிராமங்களை எடுத்துக்கொண்டார்கள். பாதிக் கிராமங்களில் ஐந்து முதல் எட்டுப் பேர் கொண்ட குழுக்கள், வாரம் ஒருமுறை, 16 வாரம். நடத்தியவர்கள் மருத்துவர்கள் இல்லை. அந்தப் பகுதியைச் சேர்ந்த, பள்ளிப்படிப்பு முடித்தவர்கள். இரண்டு வாரப் பயிற்சி. 'டிப்ரஷன்' என்ற சொல்லைத் தூக்கிக்கொண்டு அவர்கள் போகவில்லை. தன்னையே வெறுப்பது, தன்னை எண்ணியே இரங்கிக் கிடப்பது என்ற பொருளில் அந்த மக்களிடம் ஏற்கெனவே இருந்த இரண்டு சொற்களை எடுத்துக்கொண்டார்கள். தொடக்கத்தில் குழுக்களில் இருந்தவர்களில் 86 சதவீதம் பேருக்குக் கடுமையான மனச்சோர்வு. முடிவில் 6.5 சதவீதம். குழு நடக்காத கிராமங்களில் 94 சதவீதம், 54.7 ஆகத்தான் குறைந்தது. எதுவும் செய்யாமல் விட்டதோடு ஒப்பிட்ட ஆய்வு இது, தனி சிகிச்சையோடு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த ஒப்பீடும் நடந்திருக்கிறது. ஒரே சிகிச்சையைத் தனியாகவும் குழுவாகவும் கொடுத்துப் பார்த்த அறுபதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் வெளியான அலசலில் இரண்டுக்கும் பலனில் வேறுபாடு தெரியவில்லை. ஒரு இலட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூடக் கணக்கில் வராத நாட்டில் இது சின்னச் செய்தி அல்ல.

இன்னொன்று நம் நாட்டிலேயே நடந்தது. ஜார்க்கண்ட், ஒடிசாவில் மூன்று மாவட்டங்கள், பெரும்பாலும் ஆதிவாசி மக்கள். ஏக்ஜுட் என்ற அமைப்பு 2005 முதல் 2008 வரை பெண்கள் குழுக்களை நடத்தியது. மாதம் ஒருமுறை கூடி, படங்களையும் கதைகளையும் வைத்து, பிரசவத்தில் குழந்தை ஏன் சாகிறது, நாம் என்ன செய்யலாம் என்று பேசினார்கள். இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் பச்சிளங்குழந்தை இறப்பு 45 சதவீதம் குறைந்தது. ஆய்வாளர்கள் தாய்மாரின் மனநிலையையும் அளந்தார்கள். முழுக் காலத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் குறிப்பிடத்தக்க வேறுபாடில்லை. மூன்றாம் ஆண்டை மட்டும் எடுத்தால், நடுத்தர அளவு மனச்சோர்வு 57 சதவீதம் குறைவு. அந்தக் கூட்டங்களில் யாரும் யாரையும் "உன் மனசு எப்படி இருக்கிறது?" என்று கேட்கவில்லை. பிள்ளை சாகாமல் இருக்க வழி தேடினார்கள், மனசும் கொஞ்சம் தேறியது. இதை நினைவில் வையுங்கள், பிறகு வருகிறேன்.

இதுவரை சொன்னதைக் கேட்டால், அட, வட்டமாக நாற்காலி போட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் படித்து முடித்த புதிதில் அப்படித்தான் தோன்றியது. என் முதல் வேலை ஒரு குடிநோய் மீட்பு மையத்தில். அங்கே நடந்ததை, ஆட்களின் அடையாளத்தை மாற்றிச் சொல்கிறேன்.

குழுவில் பத்து ஆண்கள். குடிநோய்க்குக் குழு நன்றாகவே வேலை செய்யும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் 1935இல் தொடங்கியதே இரண்டு குடிநோயாளிகள் ஒருவரோடொருவர் பேசியதில்தான். அந்த வழிமுறைக்கு ஆட்களை முறையாகக் கொண்டு சேர்க்கும் சிகிச்சைகள், குடியை முழுதாக விட்டு நிற்பதில் மற்ற சிகிச்சைகளைவிடக் கூடுதல் பலன் தருவதாக 2020இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வும் சொன்னது. எங்கள் மையத்தில் மருத்துவர் முதல் நாளே, "இங்கே எல்லோரும் நோயாளிகள்தான். பணக்காரன், ஏழை, சாதி, மதம் ஒன்றும் கிடையாது" என்று சொல்லிவிடுவார். நல்ல மனிதர், மனதாரத்தான் சொன்னார்.

அந்த மாதம் ஒரே ஊரிலிருந்து இரண்டு பேர் வந்து சேர்ந்திருந்தார்கள். ஒருவர் நிலக்காரர், ஐம்பது வயதுக்கு மேல். மற்றவர் அவர் நிலத்தில் வேலை செய்தவர், காலனிக்காரர். பத்து நாற்காலி போட்டிருந்தேன். காலனிக்காரர் வந்தார், பார்த்தார், சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். "அண்ணே, மேல உட்காருங்க" என்றேன். "இருக்கட்டும்மா, எனக்கு இடுப்பு வலி" என்றார். ஐந்து வாரம் அவருக்கு இடுப்பு வலி. ஐந்து வாரமும் அவர் வாயே திறக்கவில்லை. மருத்துவக் குறிப்பேட்டில் நான் என்ன எழுதினேன் தெரியுமா? 'ஒத்துழைப்பு குறைவு.' காலனியில் பிறந்து வளர்ந்த நான், என் கையால் அதை எழுதினேன். படிப்பு அப்படி ஒரு வேலையைச் செய்யும்.

ஆறாம் வாரம் ஆள் நெருக்கடியால் குழுவை இரண்டாகப் பிரித்தோம். அவர் வேறு குழுவுக்கு வந்தார். முதல் நாளே நாற்காலியில் உட்கார்ந்தார், இடுப்பு வலி போய்விட்டது. இரண்டாம் நாள் பேசினார். "வேலை முடிஞ்சா கூலியோட ஒரு குவார்ட்டரும் குடுப்பாரு. குடுத்துட்டுக் கூலியில கழிச்சிக்குவாரு. வேணாம்னு எப்படிச் சொல்றது, மறுநாள் வேலைக்குக் கூப்பிட மாட்டாருல்ல." எதிரே இருந்த ஒரு பெயின்டர், "எங்க மேஸ்திரியும் அப்படித்தாண்ணே" என்றார். அவ்வளவுதான், அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் போதவில்லை.

நிலக்காரர் பற்றியும் சொல்ல வேண்டும். அவரும் நோயாளிதான். அந்தப் பழைய குழுவில் அவரும் ஐந்து வாரம் விளைச்சலைப் பற்றியும் அரசியலைப் பற்றியும்தான் பேசினார். தன் ஆள் தரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, இரவில் மனைவியிடம் அடி வாங்கியதை அவர் எப்படிச் சொல்வார்? பிரித்த பிறகுதான் அவரும் அழுதார். சாதி இருவர் வாயையும் கட்டியிருந்தது. கட்டப்பட்டதில் ஒருவருக்குக் கூலி போனது, மற்றவருக்குப் போகவில்லை என்பதுதான் வேறுபாடு.

இதைப் பல ஆண்டு கழித்து ஃப்ரான்ஸ் ஃபனோனிடம் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் தோழர்கள் ஃபனோனை விடுதலைப் போராட்டத்தின் சிந்தனையாளராகப் படித்திருப்பீர்கள். அவர் தொழில் மனநல மருத்துவம். 1953இல் அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனைக்குப் போனார். பிரான்சில் கற்றுக்கொண்ட குழு முறைகளை, வாராந்திரக் கூட்டம், நோயாளிகளே நடத்தும் பத்திரிகை, விழா, கைவேலை என்று தொடங்கினார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் அருமையாக நடந்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் படுதோல்வி. கூட்டத்துக்கு வருவார்கள், பேச மாட்டார்கள். கைவேலையைத் தொடக்கூட மாட்டார்கள். ஃபனோன் நோயாளிகளைக் குறை சொல்லவில்லை. 1954இல் தன் சக மருத்துவர் அசுலேயோடு சேர்ந்து, தவறு எங்களுடையது என்று எழுதினார். ஆள்பவனின் பண்பாட்டிலிருந்து பிடுங்கி வந்த ஒரு வட்டத்தை ஆளப்படுபவர்கள் மேல் வைத்தோம் என்றார். மொழிபெயர்ப்பாளரை வைத்துப் பேசினார்கள். அந்த மக்களுக்கு மொழிபெயர்ப்பாளர் என்றாலே அரசு அலுவலகமும் நீதிமன்றமும்தான் நினைவுக்கு வரும். பிறகு மருத்துவமனைக்குள் அவர்கள் ஊர் வழக்கப்படி ஒரு காபிக் கடை வைத்தார்கள். அவர்கள் பண்டிகைகளைக் கொண்டாடினார்கள். கதைசொல்லிகளை வரவழைத்தார்கள். அப்போதுதான் வார்டு அசைந்தது.

ஃபனோனுக்குச் சில மாதங்களில் புரிந்தது. எனக்கு அதைவிட அதிக காலம் பிடித்தது. இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு தனியார் கல்லூரியில் பகுதிநேர ஆலோசகராக இருந்தேன். முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு குழு தொடங்கினேன். ஒன்பது பேர், எல்லாச் சாதியும் கலந்து. மூன்றாம் வாரம் ஒரு பையன் பேசினான். விடுதி அறையில் மூன்று பேர். வந்த முதல் வாரம் ஊறுகாய், சோப்பு, வாளி எல்லாம் பொது. பிறகு ஒருவன், "உங்க ஊர்ல எந்தத் தெரு?" என்று கேட்டிருக்கிறான். இவன் சொல்லியிருக்கிறான். மறுநாளிலிருந்து அவர்கள் வாளியில் பெயின்ட்டால் பெயர் எழுதப்பட்டிருந்தது. யாரும் திட்டவில்லை, அடிக்கவில்லை. வாளியில் பெயர், அவ்வளவுதான். "படிக்கவே தோணல மேடம்" என்றான்.

குழுவில் இன்னொரு பையன், கெட்டவன் என்று சொல்ல மாட்டேன், உடனே சொன்னான்: "இந்தக் காலத்துல யாருடா அதெல்லாம் பாக்கறா, நீதான் ரொம்ப யோசிக்கிற." இரண்டு மூன்று பேர் தலையாட்டினார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் சொன்னேன்: "இங்கே சாதி விவாதம் வேண்டாம். உன் உணர்வுகளைப் பற்றி மட்டும் பேசுவோம். அந்த நேரத்தில் உனக்கு எப்படி இருந்தது?"

கேட்க எவ்வளவு நாகரிகமாக இருக்கிறது, பாருங்கள். பாடப்புத்தகத்தில் இருக்கும் வாக்கியம்தான். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது எனக்கு உள்ளே என்ன ஓடியது என்றால், நிர்வாகத்துக்குத் தெரிந்தால் குழுவை மூடிவிடுவார்கள் என்பது ஒன்று. இன்னொன்று, அந்தக் கல்லூரியில் நான் எந்தத் தெரு என்று யாருக்கும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும் என்று நான் பாடுபட்டுக்கொண்டிருந்தேன். நடுநிலை என்று நான் பெயர் வைத்துக்கொண்டது பயம்.

அடுத்த வாரம் அவன் வரவில்லை. அதற்கடுத்த வாரமும். இரண்டாம் செமஸ்டரில் படிப்பை நிறுத்திவிட்டதாகத் துறை அலுவலகத்தில் சொன்னார்கள். என் குழுவால்தான் போனான் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. வீட்டில் கஷ்டம் இருந்திருக்கலாம், கட்டணம் இருந்திருக்கலாம். ஆனால் அவன் வாழ்க்கையில் முதன்முறையாக அதை வாய்விட்டுச் சொன்ன இடம் என் வட்டம். அதை எட்டுப் பேர் முன்னிலையில் அவனுக்கே திருப்பிக் கொடுத்தவள் நான். தனியறையில் நான் அப்படிச் சொல்லியிருந்தால் காயம் ஒன்று. குழுவில் சொன்னதால் எட்டு சாட்சிகளோடு நடந்தது.

குழு நன்மை மட்டுமே செய்யும் என்று நினைக்காதீர்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லீபர்மன், யாலோம், மைல்ஸ் மூவரும் ஏறத்தாழ 200 மாணவர்களை 18 குழுக்களில் சேர்த்து ஆராய்ந்தார்கள். நூற்றுக்கு எட்டு ஒன்பது பேர், குழுவால் மனரீதியாகக் காயப்பட்டு, அந்தக் காயம் மாதக்கணக்கில் ஆறாமல் இருந்தார்கள். கவர்ச்சியாகப் பேசி, ஆட்களை உடைத்துத் திறக்கப் பார்த்த தலைவர்களின் குழுக்களில்தான் காயம் அதிகம். என்னை உறுத்துவது இன்னொரு கண்டுபிடிப்பு. யார் காயப்பட்டார்கள் என்று குழுத் தலைவர்களைக் கேட்டபோது அவர்களுக்குப் பெரும்பாலும் தெரியவில்லை. கூட இருந்த உறுப்பினர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டு உயர்கல்வி நிறுவனங்களை இதோடு சேர்த்துப் பாருங்கள். எய்ம்ஸ் மருத்துவமனையில் தலித், ஆதிவாசி மாணவர்கள் விடுதியில் ஒதுக்கப்படுவதைத் தோரட் குழு 2007லேயே எழுதிக் கொடுத்தது. 2016இல் ரோகித் வெமுலா, 2019இல் பாயல் தாட்வி, 2023இல் தர்ஷன் சோலங்கி. ஒவ்வொரு மரணத்துக்குப் பிறகும் 'மாணவர்களுக்கு மன உறுதி வளர்க்க ஆலோசனை மையம்' என்ற அறிவிப்பு வருகிறது. ஆலோசனை மையம் வேண்டாம் என்று நான் எப்படிச் சொல்வேன், என் சோறே அதுதான். ஆனால் வாளியில் பெயர் எழுதியவனுக்கு ஒன்றும் இல்லை, வாளி இல்லாதவனுக்கு மன உறுதிப் பயிற்சி என்றால், அது சிகிச்சை இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 18ஆம் பிரிவில், சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் மனநல சேவை பெறுவது உரிமை என்று சொல்கிறது. என் குழுவில் அந்தப் பையனுக்கு அந்த உரிமையை மறுத்தவள் நான்தான்.

அந்த வேலையை விட்ட பிறகு, ஒரு பயிற்சி மையத்தின் மாடியில், கல்லூரிக்கு வெளியே, எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு மட்டும் ஒரு குழு தொடங்கினேன். பன்னிரண்டு வாரம். முதல் நாள், என் தெருவிலிருந்து தொடங்கினேன். இரண்டாம் வாரம் ஒரு மாணவி, வகுப்பில் ஸ்காலர்ஷிப் படிவம் கொடுக்க வரும்போது "எஸ்.சி. ஸ்டூடண்ட்ஸ் எல்லாம் எழுந்திருங்க" என்று கூப்பிடுவதைச் சொன்னாள். தான் எழாமல் உட்கார்ந்திருந்து ஒரு வருடம் உதவித்தொகையை இழந்ததையும் சொன்னாள். ஒரு நொடி அமைதி. பிறகு ஒருத்தன் சிரித்தான். "நான் பாத்ரூம் போற மாதிரி வெளிய போயிடுவேன்." இன்னொருத்தி, "நான் ஷூ லேஸ் கட்டுவேன்." அறையே சிரித்தது. அப்படி ஒரு சிரிப்பை நான் எந்தச் சிகிச்சை அறையிலும் கேட்டதில்லை. நாலாவது வாரம் அவர்களாகவே ஒரு மனு எழுதினார்கள். வகுப்பில் கூப்பிட வேண்டாம், தனித்தனியாகச் செய்தி அனுப்புங்கள் என்று. மூன்று கல்லூரிகளில் ஒன்று ஏற்றுக்கொண்டது. மற்ற இரண்டும் பதில் போடவில்லை.

இங்கே தோழர்கள் வழக்கமாக ஒரு கேள்வி கேட்பீர்கள். உட்கார்ந்து அழுதுவிட்டுப் போனால் போராட்டம் மழுங்கிவிடாதா? அமெரிக்கப் பெண் விடுதலை இயக்கத்தில் இதே சண்டை நடந்தது. பெண்கள் சின்னச் சின்னக் குழுக்களாகக் கூடித் தங்கள் வாழ்க்கையைப் பேசினார்கள். இதெல்லாம் வெறும் சிகிச்சை, அரசியல் இல்லை என்று இயக்கத்துக்குள்ளேயே கேலி. 1969இல் கரோல் ஹானிஷ் அதற்குப் பதில் எழுதினார். சிகிச்சை என்றால் யாரோ நோயாளி என்றாகிறது. நாங்கள் நோயாளிகள் இல்லை, மாற வேண்டியது எங்கள் சூழல் என்பது அவர் வாதம். 'தனிப்பட்டதே அரசியல்' என்ற புகழ்பெற்ற தலைப்பு அந்தக் கட்டுரைக்குத் தொகுப்பாசிரியர்கள் வைத்தது. நான் ஹானிஷோடு பாதி உடன்படுகிறேன். ஜார்க்கண்ட் பெண்களை நினைத்துப் பாருங்கள், வழி தேடியதில்தான் அவர்கள் மனம் தேறியது. ஆனால் தூக்கம் இல்லாமல், சாப்பாடு இறங்காமல், சாகலாமா என்று யோசிக்கிற ஒரு தோழரிடம் "உனக்கு நோய் இல்லை, சூழல்தான்" என்று சொல்லிவிட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிற பழக்கமும் நம் இயக்கங்களில் இருக்கிறது. அவருக்கு மருத்துவர் வேண்டும், தேவைப்பட்டால் மாத்திரையும் வேண்டும். காய்ச்சல் வந்தால் பாரசிட்டமால் போட்டுக்கொண்டுதானே ஆர்ப்பாட்டத்துக்கு வருகிறோம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஐந்தாம் வாரம் வரை 'நாமெல்லாம் ஒன்று' என்ற மிதப்பில் இருந்தோம். ஒரு மாணவி மட்டும் பேசவே இல்லை. அருந்ததியர் குடும்பம். அன்று சொன்னாள்: "நீங்க எல்லாம் ஊர்த்தெருவப் பத்திப் பேசறீங்க. உங்க காலனியிலயும் எங்களுக்குத் தனித் தெருதான் அக்கா. கல்யாணத்துக்குக் கூப்பிட்டா, கடைசிப் பந்தி." அறை உறைந்துபோனது. அக்கா என்று அவள் பார்த்தது என்னை. அம்பேத்கர் படிநிலைப்பட்ட ஏற்றத்தாழ்வு என்று சொன்னதை மேடையில் எத்தனை முறை பேசியிருக்கிறேன். என் அம்மா கடைசிப் பந்தி போட்டதை நான் பார்த்து வளர்ந்தவள். ஒரு பையன், "இப்ப இதைப் பேசி நம்மள நாமே பிரிச்சிக்கணுமா?" என்றான். அதே வாக்கியம்தான், தோழர்களே. 'நீதான் ரொம்ப யோசிக்கிற' என்பதன் இன்னொரு உருவம். இந்த முறை நான் உணர்வுகளைப் பற்றிப் பேசுவோம் என்று நழுவவில்லை. "என் வீட்டில் நடந்தது" என்று அந்தப் பந்தியைச் சொன்னேன். அடுத்த வாரம் இரண்டு பேர் வரவில்லை. ஒருவர் ஒன்பதாம் வாரம் திரும்பி வந்தார், மற்றவர் வரவே இல்லை. அந்த மாணவி கடைசி வரை வந்தாள்.

பலன் இருந்ததா என்று என்னிடம் கேட்டால், பத்துப் பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தூக்கம் வந்தது என்றார்கள், அரியர் எழுதினார்கள், ஒருவர் மனநல மருத்துவரிடம் போகச் சம்மதித்தார். அவ்வளவு சொல்லலாம்.

உங்களில் சிலர் விடுதிகளில் இப்படித் தொடங்க வேண்டும் என்று காலையில் கேட்டீர்கள். தொடங்குங்கள், ஆனால் அதற்கு சிகிச்சை என்று பெயர் வைக்காதீர்கள். பகிர்வு வட்டம் போதும். பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். செல்போன் வெளியே. வாட்ஸ்அப் குழு தொடங்கவே தொடங்காதீர்கள். ஒரு ஸ்கிரீன்ஷாட் போதும், எல்லாம் முடிந்துவிடும். யாரையும் பேசச் சொல்லி வற்புறுத்தக் கூடாது, தரையில் உட்கார்ந்தால் ஏன் என்று மனதுக்குள் கேட்டுக்கொள்ளுங்கள். நடத்துபவர் ஒருவராக இல்லாமல் இரண்டு பேர், முடிந்தால் வேறு வேறு சமூகத்திலிருந்து. ஒவ்வொரு மாதமும் நடத்துபவர் இல்லாமல் உறுப்பினர்கள் மட்டும் பேசி, யாருக்காவது இங்கே காயம்பட்டதா என்று பாருங்கள். யாராவது சாவைப் பற்றிப் பேசினால் அதை வட்டத்துக்குள் வைத்து வைத்தியம் பார்க்காதீர்கள். கூடவே உட்கார்ந்து 14416க்குப் போன் போடுங்கள், அது டெலி மானஸ், 24 மணி நேரமும் தமிழில் பேசுவார்கள். அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.

சாதி கலந்த குழுவா, தனிக் குழுவா என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில் இல்லை. இப்போதைக்கு நான் தனியாகத் தொடங்கி, பிறகு கலந்து உட்கார்வதைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன். போன மாதம் முதல் கலப்புக் கூட்டம். ஆதிக்கச் சாதியிலிருந்து வந்த ஒரு மாணவர், தன் வீட்டில் இரண்டு விதமான தம்ளர் இருப்பதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். மீதியை வருகிற ஞாயிற்றுக்கிழமை சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். வருவாரா என்று தெரியவில்லை, நாற்காலி போட்டு வைப்போம்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.